நெற்றிப்பட்டைக்கு ஒரு லைனிங்

காலை எட்டு இருபத்தெட்டுக்கு அன்புசெல்வி பாட்டுப் போடுவாள். எட்டரைக்கு மணி அடிக்கும். இடையில் இரண்டு நிமிடம் ஸ்பீக்கர் சூடாக வேண்டும் என்பாள். ஸ்பீக்கருக்கு அப்படி எதுவும் தேவையில்லை என்று எலெக்ட்ரீசியன் செல்வக்குமார் பலமுறை சொல்லிவிட்டான். அவள் கேட்கவில்லை.

வேலம்பாளையத்தில் அந்தப் பனியன் கம்பெனியின் இரண்டாம் மாடியில் நாற்பது மெஷின்கள். அவற்றுக்கு மேலே தூணில் ஒரு ஸ்பீக்கர். அதற்கு ஒரு போனைத்தான் தெரியும். அன்புசெல்வியின் போன். கீழ்மடிப்புத் தைக்கும் பேட்லாக் மெஷினில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்ததற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

முதலில் இரண்டு சாமி பாட்டு. ஒன்று முருகனுக்கு, ஒன்று மாதாவுக்கு. சாப்பாடு வரை மெலடி. சாப்பாட்டுக்குப் பிறகு குத்துப்பாட்டு; இல்லாவிட்டால் ஓவர்லாக் வரிசை மொத்தமும் தூங்கிவிடும். ஐந்து மணிக்கு மேல் பீகார்காரர்களுக்கு மூன்று போஜ்புரி பாட்டு. அதை நான்காக்கச் சொல்லி அவர்கள் கேட்டிருந்தார்கள். அன்புசெல்வி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாடியில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டு பனியன் கீழ்மடிப்புத் தைக்க வேண்டும். பத்துதான் ஆயிற்று என்றால் நூல் அறுந்திருக்கும், அல்லது பக்கத்து மெஷின் மாரக்காள் வாயைத் திறந்திருப்பாள். இருபத்தாறாம் பாட்டுக்கு டீ வரும். வராவிட்டால் டீக்காரர் மேல்தான் தப்பு.

வீட்டில் ரிமோட் அவள் கணவன் கையில். அவர் பார்ப்பது நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் செய்தி விவாதம். அவள் விரும்பியது அவள் காதில் விழுவது இந்த மாடியில் மட்டும்தான்.

அந்தத் திங்கட்கிழமை கோயம்புத்தூரிலிருந்து தரணி என்ற பெண் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். பெட்டிக்குள் இருபத்தைந்து கறுப்புப் பட்டைகள். ஐரோப்பாவில் இருந்து பனியன் வாங்கும் பையர் ஏற்பாடு செய்து அனுப்பியது. கூட ஒரு கடிதம். கட்டிங் மாஸ்டர் டேனியல் அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்.

“உங்க மனசு எப்பிடி இருக்குதுன்னு கேக்கறாங்க.”

“நல்லா இருக்குதுன்னு எழுதிப் போடுங்க மாஸ்டர்,” என்றாள் மாரக்காள். “அதுக்கு எதுக்குப் பட்டை?”

தரணி விளக்கினாள். மூளை ஓயாமல் சின்னச் சின்ன மின் அலைகளை விடுகிறது. பட்டையை நெற்றியில் கட்டினால் அது அலைகளைப் பிடித்து ஆப்புக்கு அனுப்பும். ஆப் ஒரு எண் போடும். மனது அமைதியாக இருந்தால் நூற்றுக்குப் பக்கத்தில், பச்சையில். கலங்கி இருந்தால் கீழே, சிவப்பில். முதலாளியின் கேபினில் டிவி இருக்கிறது. கேபினுக்குச் சுவர் கண்ணாடி. எல்லோருடைய எண்ணையும் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.

“என்ர ஊட்டுக்காரர் இருபத்தஞ்சு வருசத்துல ஒருக்காக்கூட என்ர மனசு எப்பிடி இருக்குதுன்னு கேட்டதில்லை,” என்றாள் மாரக்காள். “எங்கயோ இருக்கறவன் கேக்கறான். குடு கண்ணு, கட்டிக்கறேன்.”

“ரெண்டு வாரங்க்கா. மொத வாரம் எப்பவும் போல. ரெண்டாவது வாரம் பாட்டு இல்லாம.”

அன்புசெல்வி நிமிர்ந்தாள். “பாட்டு என்னங்க பண்ணுச்சு?”

போன முறை பையர் அனுப்பி வந்த ஆடிட்டர் இங்கே சத்தம் அதிகம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். மெஷினை நிறுத்த முடியாது. ஆகவே பாட்டு.

“பாட்டு இல்லாம இருக்கறப்ப பச்சை வந்துச்சுன்னா ஸ்பீக்கரைக் கழட்டச் சொல்லிருவாங்கக்கா. சிவப்பே வந்துச்சுன்னா அது பாட்டுக்கு ஓடலாம்.”

“பாட்டில்லாம யாருக்குங்க பச்சை வரும்?” என்றாள் அன்புசெல்வி. மனது லேசாகிவிட்டது. பட்டையைக் கையில் வாங்கியதும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அந்த ஊரில் யாரும் எந்தத் துணியையும் வெளிப்பக்கம் பார்ப்பதில்லை.

எலாஸ்டிக் முரட்டு ரகம். இழுத்து விட்டால் திரும்பி வந்து அடித்தது. ஓரத்துக்கு மடிப்பே இல்லை. பிசிறு வெட்டவில்லை. நெற்றியில் படும் இடத்தில் சட்டைப் பித்தான் அளவுக்கு இரண்டு உலோகப் பொட்டுகள். காதில் மாட்ட ஒரு கிளிப்.

“இதை எந்தச் செக்கிங்ல பாஸ் பண்ணுனாங்க?”

“வெளிநாட்டுச் சரக்குங்க்கா.”

“அங்க செக்கிங்குக்கு ஆள் கெடைக்கலையாக்கும்.”

முதல் வாரம் முழுக்கப் பட்டை குத்தியது. பொட்டுகள் அழுத்தின. வேர்வை எலாஸ்டிக்கில் ஊறி அரித்தது. முதலாளிக்கென்று வைத்த ஒன்று போக, புதன்கிழமைக்குள் இருபத்துநான்கு பேர் நெற்றியிலும் இரண்டிரண்டு சிவப்புத் தடங்கள். எந்தக் கோயிலுக்குப் போய் வந்தாய் என்று வீடுகளில் கேட்டார்கள். டிவியில் எல்லாம் சிவப்பு. மாரக்காளுக்கு முப்பத்தொன்று. அன்புசெல்விக்கு இருபத்திரண்டு. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது, யார் கேட்டார்கள்?

“பட்டை குத்துதுங்க,” என்று அன்புசெல்வி தரணியிடம் சொன்னாள்.

“பழகிரும்ங்க்கா,” என்றாள் தரணி. அடுத்த வாரம் கோயம்புத்தூரில் இருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, பட்டைகளை டேனியலிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மதியம் சாயப் பட்டறையிலிருந்து துணி வரவில்லை. வரிசை சும்மா உட்கார்ந்திருந்தது. அட்டைப்பெட்டி கட்டிங் டேபிள்மேல் இருந்தது. அன்புசெல்வி ஒரு பட்டையை எடுத்தாள். எலாஸ்டிக்கைப் பிரித்தாள். சும்மா பார்ப்பதற்குத்தான் என்று பிறகு சொன்னாள்.

பிரித்ததை அப்படியே விட முடியுமா? வேஸ்ட் மூட்டையில் நன்றாக இழுபடும் லைக்ரா ரிப் துணி கிடந்தது. அதில் இரண்டு விரல் அகலம் வெட்டி எலாஸ்டிக்குக்குப் பதிலாக வைத்தாள். பொட்டுகள் குத்தாமலிருக்க உள்பக்கம் குழந்தைகள் உடுப்புக்கு வந்த மெத்தென்ற துணியை இரண்டு மடிப்பாகக் கொடுத்து லைனிங் போட்டாள். பேட்லாக்கில் சுற்றி ஒரு தையல். நெற்றியில் வைத்துப் பார்த்தாள். இருப்பதே தெரியவில்லை.

“எனக்கு ஒண்ணு,” என்றாள் மாரக்காள்.

அதற்குப் பிறகு அது ஒரு ஆர்டர். ஒருத்தி பிரித்தாள், ஒருத்தி வெட்டினாள், மாரக்காள் ஓவர்லாக், அன்புசெல்வி பேட்லாக், கடைசியில் பிசிறு. டேனியல் மாஸ்டர் தடுப்பதற்காகத்தான் வந்தார். வந்தவர் ஒன்றைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்து, “அளவு ஒண்ணே ஒண்ணுதானா?” என்று கேட்டார். ஆகவே எம், எல், எக்ஸ்எல் என்று மூன்று அளவு ஆயிற்று. முதலாளியும் ஒன்று கட்டிப் பார்க்கப் போகிறார் என்று எக்ஸ்எல்லில் ஒன்று தனியாக வைத்தார்கள். வெந்நீரில் துவைக்காதே என்ற லேபிளை யார் வைத்துத் தைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அயர்ன் மட்டும் வேண்டாம் என்று டேனியல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உள்ளே ஒயர் இருக்கிறது. கிளிப்பை யாரும் தொடவில்லை. அது துணி இல்லை.

திங்கட்கிழமை எட்டு இருபத்தெட்டுக்கு அன்புசெல்வி போனைக் கையில் எடுத்து, பிறகு பையில் போட்டாள்.

அன்றைக்குத்தான் அந்த மாடியில் என்னென்ன சத்தம் இருக்கிறது என்று தெரிந்தது. அயர்ன் பெட்டி பெருமூச்சு விட்டது. மாரக்காளின் முழங்கால் சொடுக்கியது. யாரோ முனக ஆரம்பித்தார்கள்; டேனியல் விரலை உதட்டில் வைத்தார். ஒன்பதே காலுக்கே டீ எங்கே என்று கேட்டார்கள். எத்தனை பனியன் ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அன்புசெல்வி ஒரு பனியனின் கீழ்மடிப்பைக் கழுத்தில் போட்டாள். பத்தொன்பது வருடத்தில் நடக்காதது. அதைப் பிரிக்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அப்பால் டிவியில் அவள் பெயருக்கு நேரே தொண்ணூற்றுநான்கு. பச்சை.

அவளுக்குத் தன்மேல் சந்தேகம் வந்தது.

“மாரக்கா, எனக்குள்ள இத்தனை அமைதி இருந்திருக்குதா?”

“இருந்திருக்கும். நீதான் இத்தனை வருசமாப் பாட்டைப் போட்டு அமுக்கி வச்சிருந்திருக்கறே.”

“உங்களுக்கு எத்தனை?”

“தொண்ணூத்தொண்ணு. ஊட்டுல யாருகிட்டயும் சொல்லலை. அமைதியாத்தான இருக்கறே, இதையும் செய்யின்னு இன்னும் நாலு வேலை குடுப்பாங்க.”

முதலாளி ஆத்தப்பனுக்குத் தொண்ணூற்றாறு.

ஆத்தப்பனின் கோபம் அவிநாசிபாளையம் வரை பிரசித்தம். அவர் கேபின் கதவைச் சாத்தினால் கீழ் மாடியில் டீ டம்ளர் ஆடும். தொண்ணூற்றாறைப் பார்த்ததும் அவர் முதலில் டிவி கெட்டுவிட்டது என்று நினைத்தார். பிறகு நம்பினார். பிறகு அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். இன்னொன்றை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

“முப்பத்தாறு வருசமா என்னைக் கோவக்காரன்னு சொன்னாளே என்ர ஊட்டுக்காரி பழனாயி,” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். “காட்டுனேன். கண்ணாடியைப் போட்டுட்டு ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தா. அப்பிடீங்களான்னா. அவ்வளவுதான். அன்னைலருந்து என்ர பேச்சுக்கு மறுபேச்சில்லை.”

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அன்புசெல்வி நூல் கோனை எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போனாள். கலர் சரியா என்று முதலாளி பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் நெற்றியில் பட்டையோடு போனில் இருந்தார். எதிர்முனையில் சாயப் பட்டறைக்காரர்.

“நான் கேட்டது நேவி ப்ளூ. நீ அனுப்பியிருக்கறது கத்திரிக்காய். கண்ணு தெரியுதா இல்லையாய்யா உனக்கு?”

கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. கலர் அட்டை பறந்து வந்து அன்புசெல்வியின் காலடியில் விழுந்தது. அவள் டிவியைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. அவர் மேசையை ஓங்கி அறைந்தார். தொண்ணூற்றேழு. ஒரு நிமிடம் கழித்து, அவர் போனைச் சோபாவில் வீசியபோது, மறுபடி தொண்ணூற்றாறு.

அவள் நூல் கோனை மேசையில் வைத்துவிட்டுத் தன் மெஷினுக்கு வந்தாள். பட்டையைக் கழற்றி உள்பக்கம் திருப்பினாள். தன் லைனிங்கைப் பார்த்தாள். நல்ல தையல். பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. பொட்டுக்கும் நெற்றி இருந்த இடம் தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத் தரணி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு தொழிற்சாலையில் இவ்வளவு பச்சையை அவள் கம்பெனி கண்டதில்லையாம். மதியத்துக்குள் பையருக்கு அறிக்கை போய்விடும். இந்த மாடியில் மட்டுமல்ல, பையருக்குத் தைக்கும் எல்லாக் கம்பெனிகளிலும் பாட்டை நிறுத்தச் சொல்லப்போகிறார்களாம். செல்வக்குமார் ஏணியைத் தூணில் சாத்தினான். ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு ஏறினான்.

அன்புசெல்வி மெஷினை நிறுத்தினாள். மாரக்காளும் நிறுத்தினாள்.

“நீங்க எதுக்குங்க்கா?”

“ஓவர்லாக் நான் போட்டது.”

கேபினில் முதலாளி, தரணி, டேனியல். அன்புசெல்வி பட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி மேசையில் வைத்தாள்.

“மொதலாளி, இதுக்கு நான் லைனிங் போட்டுட்டனுங்க.”

தரணி பட்டையை எடுத்தாள். விரலால் தடவினாள். சிரிப்பு மெல்லப் போயிற்று. “எத்தனை பட்டைக்குங்க்கா?”

“எல்லாத்துக்குமுங்க. எம், எல், எக்ஸ்எல்.”

“அக்கா, இது ஆஸ்பத்திரித் தரத்துல செஞ்சதுங்க.”

“இருக்கலாமுங்க. எலாஸ்டிக் சரியில்லீங்க.”

தரணி லேபிளைப் படித்தாள். வெந்நீரில் துவைக்காதே. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “கிளிப் மட்டும் தோல்ல பட்டிருக்குது. அதனால ஆப் எல்லாம் சரின்னு நினைச்சிருச்சு. மேல அலையே வரலை. அலை இல்லைன்னா அமைதின்னு போட்டிருச்சு.”

ஆத்தப்பன் நாற்காலியைத் திருப்பினார். அவர் தலைக்கு மேலே லேமினேட் செய்த தொண்ணூற்றாறு பளபளத்தது.

“ஏனம்முணி, அப்ப எனக்குள்ள அமைதி இல்லீங்கறயா?”

“இருக்கலாமுங்க மொதலாளி. பட்டைக்குத் தெரியாதுங்க.”

“துணி தடுக்குமா? ஒரு நூல் கனத் துணி, மூளையைத் தடுக்குமா? பிளைட்டுல போறப்ப செல்போனு அலுமினியத்தையே தாண்டுது.”

“அது வேறைங்க சார்,” என்றாள் தரணி மெதுவாக.

“நான் நெசமாவே அமைதியாத்தான் இருந்தேன்,” என்றார் ஆத்தப்பன். குரல் உயர்ந்தது. கண்ணாடிச் சுவர் கிணுகிணுத்தது. “பட்டை கட்டுனதுல இருந்து எனக்கே தெரியுது. நீ உன்ர பாட்டுக்காகப் பேசறே.”

“ஆமாங்க. பாட்டுக்காகத்தானுங்க பேசறேன்.”

வெளியே செல்வக்குமார் முதல் திருகாணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஸ்பீக்கர் லேசாகச் சாய்ந்தது.

“நிரூபிச்சுக் காட்டு,” என்றார் ஆத்தப்பன்.

மாரக்காள்தான் வழி சொன்னாள்.

“மூளையில்லாதது எதுக்காச்சும் கட்டிப் பாத்தாத் தெரிஞ்சுருமுங்க.”

அவள் ஆளைத் தேடுகிறவள்போல அறையைச் சுற்றிப் பார்த்தாள். டேனியல் மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாரக்காளின் பார்வை சாமி படத்துக்குக் கீழே நின்றது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வைத்த தட்டு. வெற்றிலை, பழம், குடுமியோடு ஒரு தேங்காய். கழுவி மஞ்சள் பூசியிருந்தது.

அன்புசெல்வி தேங்காயைத் தூக்கி மேசையில் வைத்தாள். எக்ஸ்எல் பெரிதாக இருந்தது. எல் கச்சிதம். கண் மூன்றும் தெரியுமாறு, நெற்றி என்று தோன்றிய இடத்தில் கட்டினாள். குடுமி ஈரமாக இருந்தது. கிளிப்பை அதில் மாட்டினாள். பட்டை தேங்காய்க்கு நன்றாகப் பொருந்தியது. ஒரு சுருக்கம் இல்லை.

தரணி ஆப்பைத் திறந்தாள். “பேரு கேக்குதுங்க.”

“புது ஆளுன்னு போடு கண்ணு,” என்றாள் மாரக்காள்.

டிவியில் ஒரு வட்டம் சுற்றியது. கொஞ்ச நேரம் சுற்றியது. ஆத்தப்பன் எழுந்து நின்றார். அவர் உதடு அசைந்ததை அன்புசெல்வி பார்த்தாள். வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தாள். வட்டம் நின்றது.

புது ஆள். தொண்ணூற்றெட்டு.

அடியில் ஆப் ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதியது. டேனியல் கண்ணைச் சுருக்கிப் படித்தார். “ஆழ்ந்த தியானத்துல இருக்கறாராம். இதையே விடாமக் கடைப்பிடிக்கச் சொல்லுது.”

யாரும் சிரிக்கவில்லை. மாரக்காள் புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். ஆத்தப்பன் தேங்காயைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். மறுபடி தேங்காயைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அன்புசெல்வி அவரை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது கட்டிப் பார்த்தால் லைனிங் இல்லாமலேயே பச்சை வரும் என்று தோன்றியது.

“தரணி,” என்றார், சின்னக் குரலில். “இதை எப்படி எழுதுவீங்க?”

“ரெண்டு வாரமும் செல்லாதுங்க சார். மொத வாரம் பட்டை குத்துன கோவம் பாட்டு மேல போயிருச்சு. ரெண்டாவது வாரம் ஒண்ணுமே பதியலை. பாட்டு மேல எந்தத் தப்பும் நிரூபணம் ஆகலைன்னு எழுதணும்.” தேங்காய்மேல் இருந்த பட்டையைத் தொட்டு, “லைனிங் பத்தி என்ன எழுதறதுன்னு தெரியலீங்க. நல்லாத்தான் தைச்சிருக்காங்க,” என்றாள்.

“பாட்டு ஓடட்டும்,” என்றார் ஆத்தப்பன். “ஏணியை எடுக்கச் சொல்லு. ஆனா இந்தத் தேங்காய்ச் சமாச்சாரம் இந்த ரூமைத் தாண்டப்படாது. முக்கியமா எங்க ஊட்டுக்கு.”

“தாண்டாதுங்க,” என்றாள் மாரக்காள், மிக வேகமாக.

டேனியல் கண்ணாடியைத் தட்டி செல்வக்குமாரை இறங்கச் சொல்லிக் கை காட்டினார். செல்வக்குமார் இரண்டாம் திருகாணியில் இருந்தான், புரியாமல் பார்த்தான், பிறகு முதல் திருகாணியைப் பையிலிருந்து எடுத்தான். அன்புசெல்வி போனை எடுத்தாள். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. இது மெலடி நேரம். அவள் குத்துப்பாட்டில் விரலை வைத்தாள். போஜ்புரியும் இன்றிலிருந்து நான்கு. ஸ்பீக்கர் சற்றுச் சாய்ந்தபடியே கரகரத்து, பிறகு மாடி முழுவதும் மேளம் விழுந்தது. மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேகம் பிடித்தன.

அந்தச் சத்தத்தில் படியில் ஆள் ஏறி வந்தது யாருக்கும் கேட்கவில்லை. கேபின் கதவு திறந்தது. பழனாயி. பட்டுப் புடவை, கையில் பூக்கூடை. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு அவர்தான் வருவார். ஆத்தப்பன் தோள் துண்டை உருவித் தேங்காய்மேல் போட்டார்.

பழனாயி அதைக் கவனிக்கவில்லை. வாசலில் நின்றபடியே மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். டிவியை நிதானமாகப் படித்தார். சுவரில் மாட்டியிருந்த லேமினேட்டையும் படித்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, புது ஆளுன்னு போட்டிருக்குதே, உங்களைவிட ரெண்டு கூட. தங்கமான மனுசனாட்ட இருக்குது, யாருங்க அது?”